ஈரத் துண்டோடு வந்த விற்பனை வரி

வாயை மூடிக்கொண்டு இருந்தால் பாதித் தொல்லை குறையும் என்பது முப்பது வயதுவரை எனக்குத் தெரியாது. (இப்போது மட்டும் தெரியுமா என்று கேட்டால் வீட்டில் சிரிப்பார்கள்.)

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளின் கடைசி. தென்காசியில் எனக்கு ஒரு மரக்கடைசல் பட்டறை. குழந்தைகள் விளையாடும் மரச் செப்புச் சாமான்களை நான் கடைவேன். என் மனைவி செண்பகம் அரக்குச் சாயம் ஏற்றுவாள். சீசனில் குற்றாலத்தில் கொட்டகை போட்டு விற்போம். முந்தின வருடம் பக்கத்துக் கொட்டகை எரிந்து சாம்பலானது. இந்த வருடமோ அடகுக்குப் போன செண்பகத்தின் சங்கிலிதான் மரமாகி, செப்பாகி, எங்கள் தட்டில் உட்கார்ந்திருந்தது.

"இன்சூரன்ஸ் போடாம நான் கொட்டகைப் பக்கம் வரமாட்டேன்" என்று சொல்லிவிட்டாள்.

ஏஜெண்டை நான் பார்த்ததில்லை. சின்னக் கடையைக் கம்பெனி ஒப்புக்கொள்வது கஷ்டம், குளிக்க வரும்போது எட்டிப் பார்க்கிறேன் என்று சொல்லி அனுப்பியிருந்தார். உடனே என் மூளை வேலை செய்தது (அதுதான் ஆபத்து). மற்ற பட்டறைக்காரர்களிடம் கெஞ்சி, அவர்கள் சரக்கை இரவல் வாங்கிக் கொட்டகை நிறைய அடுக்கினேன்.

மறுநாள் காலை, தலையில் எண்ணெயும் இடுப்பில் ஈரத் துண்டுமாக ஒருவர் வந்து நின்றார். குற்றாலத்தில் தாசில்தாரும் சமையல்காரரும் அப்படித்தான் திரிவார்கள்.

"வியாபாரம் எப்படி?" என்றார். ஏஜெண்ட்தான் என்று முடிவுகட்டிவிட்டேன்.

"இது என்ன அண்ணாச்சி, பட்டறையில இதைப்போல நாலு மடங்கு கெடக்கு. மதுரைக்கும் கொல்லத்துக்கும் வண்டி வண்டியா போவுது!"

"விற்பனை வரிக்குப் பதிவு பண்ணியாச்சா?"

"அது எதுக்கு? அந்த ஆபீசர் வந்தா ரெண்டு செப்பைக் காட்டி அனுப்பிருவேன்."

"நான்தான் அந்த ஆபீசர்" என்றார், துண்டின் முனையைப் பிழிந்துகொண்டே.

செண்பகம் முன்னால் வந்தாள்.

"இவரு சொல்லுததுல ஒண்ணும் நெசமில்ல சார். கவுத்துப் பாருங்க. அடியில செவப்பு வளையம் இருந்தாத்தான் எங்களுது. மத்ததெல்லாம் இன்சூரன்ஸ் ஏஜெண்டுக்குக் காட்ட வாங்குன இரவல்."

சரக்கு கலந்துபோகாமல் இருக்க, பட்டறைக்கு ஒரு நிறத்தில் அடியில் வளையம் போடுவது எங்கள் வழக்கம். அவர் ஒவ்வொன்றாகக் கவிழ்த்தார். பச்சை, மஞ்சள், நீலம். சிவப்பு இரண்டே தட்டு. அபராதம் நிச்சயம் என்று நின்றேன். அவர் சிரித்துவிட்டார்.

"இவ்வளவு சின்னக் கடைக்கு வரியும் கிடையாது, பதிவும் வேண்டாம். ஆனா இரவல் சரக்கைக் காட்டி இன்சூரன்ஸ் வாங்கியிருந்தா, தீப்பிடிச்ச அன்னிக்கு ஒண்ணும் கிடைக்காதுய்யா."

சாயங்காலம் சட்டை போட்டுக்கொண்டு மறுபடி வந்தார் (எனக்கு அடையாளமே தெரியவில்லை!). அருவிக்கரையில் விசாரித்து அந்த ஏஜெண்டையும் பிடித்து வந்திருந்தார்.

"ரெண்டு தட்டுதான். நானே கவிழ்த்துப் பார்த்தேன், எழுதிக்குங்க" என்றார்.

அடுத்த சீசனில் எங்கள் கொட்டகையும் எரிந்தது. எழுதியது எழுதியபடி கைக்கு வந்தது. செண்பகத்தின் கழுத்துக்குச் சங்கிலியும் திரும்பியது. என்னை உள்ளே தள்ளியிருக்க வேண்டிய மனிதர் எங்கள் குடும்பத்தைக் காப்பாற்றினார். அவரை நினைக்காமல் நான் ஒரு நாளும் பட்டறையைத் திறந்ததில்லை.

ஆனால் வீட்டில் நினைப்பது வேறு மாதிரி. நான் கொஞ்சம் பெருமையடிக்க ஆரம்பித்தால் போதும், என் மகள் கையில் அகப்பட்ட டம்ளரைக் கவிழ்த்துப் பார்த்துக் கேட்பாள்: "அப்பா, அடியில செவப்பு இருக்கா?"