தடை வாங்காத பதினோரு நிபந்தனைகள்

புதுச்சேரியில் சீசாவும் கையுமாக அலைந்தவர்களில் ஒரு சொட்டுகூடக் குடிக்காத ஒரே மனிதர் எங்கள் சீசா சார்தான். சொந்தப் பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும் இருந்தது. தொழிற்சாலைகள் வெளியே விடும் கழிவுநீரைச் சீசாவில் பிடித்து வந்து பரிசோதனைக்குக் கொடுப்பது அவர் வேலை. இரண்டாயிரத்து ஐந்து வாக்கில் அதே அலுவலகத்தில் நான் டைப்பிஸ்ட். அலுவலகத்தின் பெயர் வேண்டாம். இன்னும் பென்ஷன் வாங்கிக்கொண்டிருக்கிறேன்.

ஃபிரிட்ஜில் அதிகாரியின் மோர்ப் பாட்டிலுக்குப் பக்கத்தில்தான் சாயக் கழிவையும் வைப்பார். இரண்டே வாரத்தில் அதிகாரி மோர் குடிப்பதை விட்டுவிட்டார். பாகூரும் புதுச்சேரிதான், ஆனால் போய்வர நடுவில் தமிழ்நாட்டைக் கடக்க வேண்டும். ஒருமுறை எல்லைச் சாவடியில் பஸ்ஸை நிறுத்திய போலீஸ்காரர் இவர் பையைத் தடவிப் பார்த்துச் சிரித்தார்.

"இன்னாய்யா, ஆறு பாட்டில் கடத்துறியா?"

"மோந்து பாருங்க சார்."

முகர்ந்தவர் இரண்டடி பின்னால் போனார். "அய்யய்யே! எவன்யா குடிப்பான் இத?"

"வயக்காட்டுல நெல்லு குடிக்கிது சார்."

பஸ்ஸில் எல்லாரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

அப்போதுதான் ஒரு சாயத் தொழிற்சாலை அப்பீல் போட்டது. கழிவுநீர் வெளியேற்ற நாங்கள் கொடுத்த அனுமதியில் பதினான்கு நிபந்தனைகள். தண்ணீரின் நிறம், உப்பின் அளவு, புதிய சுத்திகரிப்புத் தொட்டி என்று மூன்றை மட்டும் எதிர்த்தார்கள். முடிவு வரும்வரை அந்த மூன்றையும் அமல்படுத்தக் கூடாது என்று தடை கிடைத்தது.

எங்கள் அலுவலகத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. அப்பீல் என்ற சொல் காதில் விழுந்ததும் ஃபைலில் 'கேஸில் உள்ளது' என்று சீட்டு ஒட்டி, கயிறு கட்டி, பீரோவின் தலைமேல் ஏற்றிவிடுவோம். அதன்மேல் தூசு தட்டினால்கூடக் கோர்ட் அவமதிப்பு என்று நம்பினோம். நம்புவது சௌகரியமாகவும் இருந்தது.

சீசா சார் தடை உத்தரவை இரண்டு முறை படித்துவிட்டு சூப்பரின்டெண்டிடம் போனார்.

"சார், மூணுக்குத்தான் தடை. மீதி பதினொண்ணும் உசுரோட இருக்கு."

"யோவ் சீசா, தல போனப்பறம் ஒடம்பு மட்டும் நடக்குமாய்யா?"

"போனது தல இல்ல சார். மூணு வெரலு."

அந்தச் செவ்வாய்க்கிழமையே தொழிற்சாலை வாசலில் போய் நின்றார். கேஸ் நடக்கிறது, உள்ளே விட முடியாது என்றார் காவலாளி. இவர் அனுமதிக் கடிதத்தைப் பிரித்து உரக்கப் படித்தார். "பன்னிரண்டாம் நிபந்தனை. ஆய்வுக்கு வருபவரை எந்நேரமும் உள்ளே விட வேண்டும். ஒங்க மொதலாளி இத எதுத்து அப்பீல் போடலயே, ஏன்?"

"எனக்கு எப்பிடி சார் தெரியும்?"

"தெரியாதில்ல? அப்ப தொற."

மூன்றாவது செவ்வாய், இவர் தெருமுனையில் தெரிந்ததுமே காவலாளி கதவைத் திறந்து, "பன்னெண்டுதானே சார், வாங்க" என்றாராம்.

உள்ளே பின்சுவரில் ஒரு திருட்டுக் குழாய் இருந்தது. குறித்த ஒரே வழியில்தான் கழிவுநீர் வெளியேற வேண்டும் என்பது ஒன்பதாம் நிபந்தனை. சுவருக்கு அந்தப் பக்கம் அஞ்சலை என்பவரின் கனகாம்பரக் கொல்லை. அதில் பூக்கும் பூவைப் பெரிய மார்க்கெட்டில் போட்டுத்தான் அந்தக் குடும்பம் நடந்தது. மறுநாள் அஞ்சலையை அலுவலகத்துக்கே அழைத்து வந்துவிட்டார்.

"கெணத்துத் தண்ணி ஊதாவா மாறிக்கினு வருது சார். மாடு மோந்து பாத்துட்டு மூஞ்சியத் திருப்பிக்கிது. பாதி செடி கருகிப்போச்சி. கேட்டா கேஸு முடியட்டுங்கிறாங்க. அதுவரைக்கும் செடி தாங்குமா?"

சீசா சார் ஒரே பக்கத்தில் அறிக்கை எழுதினார். ஒன்பதாம் நிபந்தனைக்குத் தடை இல்லை, குழாயை இன்றே அடைக்கலாம், அடைத்தால் கிணறு தப்பும். சூப்பரின்டெண்ட் அதை என் மேஜையில் போட்டு, கீழே ஒரு வரி சேர்க்கச் சொன்னார். 'மேல்முறையீடு முடிந்தபின் பரிசீலிக்கலாம்.'

அது தப்பு என்று எனக்கு நன்றாகத் தெரியும். அந்தப் பதினொன்றையும் எனக்கு விளக்கி விளக்கியே அவர் தொண்டை கட்டியிருந்தது. இருந்தும் அடித்தேன். கடைசி எழுத்து விழும்வரை சீசா சார் பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு, பையை எடுத்துக்கொண்டு போனார்.

அடுத்த மாதமே அவருக்கு ஏனாமுக்கு மாற்றல் வந்தது. ஆந்திரக் கரையில் ஒரு துண்டு நிலத்தைப் பிரெஞ்சுக்காரன் எதற்குப் பிடித்து வைத்தானோ, வேண்டாதவர்களை அனுப்ப எங்கள் மேலதிகாரிகளுக்கு வசதியாகப் போயிற்று. தெலுங்கிலும் சீசாவுக்குச் சீசாதான் என்பதால் பட்டப்பெயரும் கூடவே போனது.

இரண்டு வருஷம் கழித்து அப்பீலில் முடிவு வந்தது. மற்ற பதினோரு நிபந்தனைகளை யாரும் எதிர்க்கவே இல்லை, அவை எப்போதும் அமலில்தான் இருந்தன, அலுவலகம் ஏன் சும்மா இருந்தது என்று உத்தரவிலேயே கேட்டிருந்தார்கள். "நான் அப்பவே சொன்னேன்யா" என்றார் சூப்பரின்டெண்ட், கொஞ்சமும் கூசாமல். அன்று சாயங்காலமே குழாயை அடைத்தார்கள். அஞ்சலை அதற்குள் கிணற்றைத் தூர்த்துவிட்டு, பெரிய மார்க்கெட்டில் யாருடைய பூவையோ கூலிக்குக் கட்டிக்கொண்டிருந்தார்.

நான் ஏனாமுக்கு போன் போட்டேன்.

"சார், நீங்க சொன்னதுதான் சரின்னு எழுதிட்டாங்க."

"அது கெடக்கட்டும் சார். அந்தம்மா கெணறு?"

"தூத்துட்டாங்க."

அவர் மெதுவாகச் சொன்னார்: "அந்த வரிய நீங்க அடிக்கலன்னா வேற யார்னா அடிச்சிருப்பாங்க சார். அதயே நெனச்சிக்கினு இருக்காதீங்க."

நான் மன்னிப்புக் கேட்கவே இல்லை. அந்த அலுவலகத்தில் என் சர்வீஸ் முழுக்க எனக்குப் பிடித்த ஒரே மனிதர் அவர்தான். அதையாவது சொல்லியிருக்கலாம், சொல்லாமலே போனை வைத்துவிட்டேன்.