சஹனில் போன கிண்ணம்

முட்டாள் செய்யும் முட்டாள்தனம் அவனோடு போய்விடும். கெட்டிக்காரன் என்று பெயர் எடுத்தவன் அதையே செய்தால் ஊரே சேர்ந்து அவனுக்கு உதவி செய்யும். எண்பதுகளின் தொடக்கத்தில் கல்முனையில் எனக்கு அப்படியொரு பெயர் இருந்தது. (பத்திரிகை வாசிப்பேன், கண்ணாடி போட்டிருந்தேன். எங்கள் தெருவுக்கு அது போதும்.)

அந்தப் பெயரால்தான் எங்கள் உதைபந்தாட்டக் கழகத்துக்குச் செயலாளரானேன். நான் பந்தை உதைத்தால் செருப்புத்தான் தூரம் போகும். ஆனால் நாடு முழுக்க நடக்கும் நொக் அவுட் கிண்ணத்தின் வரலாறு எனக்கு மனப்பாடம். எந்த வருடம் யார் வென்றார்கள், இறுதிப் போட்டியில் யார் பெனால்டியை வானத்துக்கு அடித்தார் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். சுருக்கமாகச் சொன்னால், அந்தக் கிண்ணத்துக்குக் கொழும்பை விட்டு வெளியே வர விருப்பமே இல்லை. இராணுவம், பொலிஸ் என்று சீருடைக்காரர்களின் அணிகளும் கொழும்புக் கழகங்களும் அதை மாறி மாறித் தூக்கிக்கொண்டு போகும். எங்களைப் போன்ற ஊர்க் கழகங்கள் ஒரு மெச் விளையாடித் தோற்றுவிட்டு மூட்டையைக் கட்டும்.

அந்த வருடம் எப்படியோ தப்பிப் பிழைத்தோம். ஒரு அணி வரவேயில்லை. வந்த அணிகளை எங்கள் கெப்டன் ரபீக் ஒற்றை ஆளாகக் கவனித்துக்கொண்டார். அடுத்த சுற்றில் கொழும்பின் பெரிய கழகம் ஒன்று எங்களோடு விளையாட எங்கள் ஊருக்கே வரவேண்டியிருந்தது. வென்றால் அடுத்த மெச் கொழும்பில்.

ரபீக் என் ராத்தாவின் (ராத்தா என்றால் அக்கா) கணவர், எனக்கு மச்சான். சவூதியில் டிரைவர் வேலைக்கு அவருக்கு விசா வந்திருந்தது. ராத்தா தீர்ப்புச் சொல்லிவிட்டாள்.

"வெண்டா கொழும்பு மெச்ச விளையாடிப் போட்டுப் போங்க. தோத்தா வாற கிழமையே ப்ளேன் ஏறுங்க. ரெண்டு குமர்ப் புள்ளையளுக்கு வீடு கட்டோணும்."

மச்சானுக்குக் கிண்ணம்கூடப் பெரிய காரியமில்லை. எங்கள் மைதானம் கடற்கரை மணல். ஓடினால் கால் புதையும், விழுந்தால் வாயெல்லாம் மண். "புல்லுல ஒரு தரம் விளையாடோணும் மச்சான். அந்தக் கொழும்பு கிரவுண்டுல ஒரேயொரு தரம். அதுக்குப் பொறகு ஒட்டகம் மேய்க்கச் சொன்னாலும் போறன்" என்பார். அந்த ஒரு தரத்தை வாங்கிக் கொடுப்பது என் பொறுப்பு என்று நானாகவே எடுத்துக்கொண்டேன். யாரும் கேட்கவில்லை.

கிண்ணத்தின் வரலாற்றை மண்டைக்குள் புரட்டினேன். பெரிய அணிகள் எப்போதாவது சறுக்கியிருந்தால் அது வெளியூர்ப் பயணத்தில்தான். ஏன் என்று யோசித்தேன். பத்திரிகைக்காரர்கள் யாரும் கண்டுபிடிக்காத காரணம் எனக்குத் தெரிந்தது: சாப்பாடு! விருந்தாளிக்கு வயிறு முட்டப் போட்டிருப்பார்கள், அவன் ஓட முடியாமல் நின்றிருப்பான். மெச் வெள்ளிக்கிழமை பின்னேரம். ஜும்ஆத் தொழுகை முடிந்ததும் நெய்ச்சோறும் மாட்டிறைச்சியும் இனிப்புக்கு வட்டிலப்பமும் போட்டு அனுப்பினால் கொழும்புக்காரன் மணலில் படுத்துவிடுவான்.

கமிட்டியில் இதைச் சொன்னபோது என் கெட்டித்தனத்தை எல்லாரும் மெச்சினார்கள். ஒரே ஒருவர்தான் கேட்டார், எங்கள் பின்வரிசை ஆட்டக்காரன் காரைதீவு யோகன்.

"அவங்க திண்டா நாங்க என்ன செய்யிற?"

"நீங்க சும்மா பார்த்துக்கொண்டு இரிங்க" என்றேன். இப்போது நினைத்தாலும் என் வாயில் நானே அடிக்கவேண்டும்போல் இருக்கிறது.

கழகத் தலைவர் ஒரு ஹாஜியார், அரிசி ஆலைக்காரர். அவரிடம் சூழ்ச்சியைச் சொல்லவில்லை, விருந்து என்று மட்டும் சொன்னோம். மனிதர் பூரித்துப்போய் ஒரு மாட்டையே அறுத்துவிட்டார். எங்கள் விருந்து முறை தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். பெரிய தட்டு ஒன்றில் சோற்றைக் குவித்து, ஆறு பேர் சுற்றியிருந்து சாப்பிடுவோம். அதற்குச் சஹன் என்று பெயர். விருந்தாளி கை எடுக்கும்வரை விருந்து கொடுப்பவன் கை எடுக்கக் கூடாது. எடுத்தால் 'போதும், எழும்பு' என்று விருந்தாளிக்குச் சொன்ன மாதிரி. இந்த முறையோடு வளர்ந்த நான், திட்டம் போடும்போது இதை அடியோடு மறந்துவிட்டேன்.

கொழும்பு அணி பாயில் அமர்ந்ததும் ஹாஜியார் சத்தம் போட்டார். "விருந்தாளியத் தனிய குந்த வெக்கிறதா? ஒவ்வொரு சஹனுக்கும் நம்மட பொடியனுகள் ரெண்டு பேர் இரிங்கடா!"

எங்கள் அணி முழுவதும் உட்கார்ந்தது. யோகன் மட்டும் தப்பினான். வெள்ளிக்கிழமை அவன் சைவம். ஹாஜியார் அவனுக்குத் தனியாகத் தயிரும் வாழைப்பழமும் கொடுத்தார்.

என் சஹனில் மச்சானும் கொழும்பு அணியின் பயிற்றுநரும் இருந்தார்கள். பயிற்றுநர் நரைத்த தாடிக்காரர், கொழும்பு முஸ்லிம். சோற்றைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சிரித்தார். அந்தச் சிரிப்பிலேயே எனக்கு விஷயம் விளங்கியிருக்க வேண்டும். மனிதர் நாலு பருக்கையைக் கிள்ளி வாயில் போட்டார். மென்றார். இன்னும் மென்றார். கையை மட்டும் சஹனிலிருந்து எடுக்கவில்லை. அவருடைய பொடியன்களும் அப்படியே செய்தார்கள். இறைச்சித் துண்டுகளையெல்லாம் மரியாதையாக எங்கள் பக்கம் தள்ளிவிட்டார்கள்.

"சாப்பாடு நல்லா ஈக்கிது. அவசரமில்ல, மெல்லச் சாப்பிடுவம்" என்றார்.

மச்சான் கையை எடுக்கப் பார்த்தார். பின்னால் ஹாஜியாரின் குரல் கேட்டது. "என்ன மனே, விருந்தாளி இன்னும் சாப்பிர்றாங்க. ஊர்ட மானத்த வாங்காத!"

மச்சான் சாப்பிட்டார். சும்மா இருப்பது மரியாதையில்லை என்று எல்லாரும் சாப்பிட்டார்கள். சோறு குறையக் குறைய ஹாஜியார் கொட்டிக்கொண்டே இருந்தார். வட்டிலப்பம் வந்தது. பயிற்றுநர் தனக்குச் சீனி வியாதி என்று சொல்லித் தன் பங்கை மச்சானுக்குக் கொடுத்தார். (அவருக்கு அந்த வியாதி இருந்திருக்காது என்று நான் இன்றுவரை நம்புகிறேன்.) மச்சான் என்னை ஒரு பார்வை பார்த்தார். நான் குனிந்து சோற்றைப் பிசைந்தேன்.

நாலு மணிக்கு மெச் தொடங்கியது. தொடங்கியது என்பது கொழும்புக்காரர்களுக்கு. எங்கள் ஆட்கள் மைதானத்தில் ஆங்காங்கே நின்றார்கள். பந்து பக்கத்தால் போனால் கழுத்தைத் திருப்பிப் பார்த்தார்கள். யோகன் ஒருவன்தான் இங்கும் அங்கும் பறந்தான்.

"டேய், நான் ஒராள் எத்தின பேரடா மறிக்கிற?" என்று அவன் கத்தியது கடற்கரை முழுக்கக் கேட்டது.

மைதானத்து ஓர மதிலில் இருந்த கூட்டம் விடுமா? "ரபீக் காக்கா, வட்டிலப்பம் மிச்சம் இரிக்கி, கொண்டு வரட்டா?"

இரண்டு கோல் வாங்கியிருந்தோம். அப்போதும் அல்லாஹ் ஒரு வாய்ப்பைத் தந்தான். யோகன் ஓங்கி அடித்த பந்து எல்லாரையும் தாண்டி மச்சானின் காலடியில் விழுந்தது. முன்னால் கோல் காப்பாளரைத் தவிர யாருமில்லை. மற்ற நாளில் கண்ணை மூடிக்கொண்டு அடிப்பார். மச்சான் ஓடினார். நாலைந்து எட்டு வைத்திருப்பார், விலாவைப் பிடித்துக்கொண்டு அப்படியே குந்திவிட்டார். பந்து தானாக உருண்டு போய்க் காப்பாளரின் கையில் சேர்ந்தது. கூட்டம் சிரித்தது. மச்சான் குந்தியபடியே தலையைத் திருப்பிக் கோட்டுக்கு வெளியே நின்ற என்னைத் தேடினார். அடித்திருந்தால், ஏசியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவர் முகத்தில் கோபமே இல்லை. அழுவதற்கு முன் குழந்தைகள் வைத்திருக்கும் முகம் அது. அதைப் பார்த்த பிறகு இன்றுவரை நான் எந்த மெச்சையும் முழுதாகப் பார்த்ததில்லை.

மூன்றுக்குப் பூச்சியம். போகும்போது பயிற்றுநர் ஹாஜியாரைக் கட்டிப்பிடித்து நன்றி சொன்னார். அடுத்த கிழமை மச்சான் ப்ளேன் ஏறினார். சவூதியில் லொறி ஓட்டினார், வந்தார், மறுபடி போனார். மகள்மாருக்கு வீடு கட்டினார். முழங்கால் தேய்ந்த பிறகுதான் ஒரேயடியாக ஊருக்கு வந்து சேர்ந்தார். நான் மட்டும் அந்த மறதிக்காரத் திட்டத்தைப் போடாதிருந்தால் வென்றிருப்போமா என்று தெரியாது. ஓடியாவது பார்த்திருப்பார். அதுதான் எனக்கு ஆறவில்லை.

குடும்பத்தில் இது சிரிப்புக் கதையாகிவிட்டது. எந்தக் கலியாணத்திலும் நான் சஹனில் குந்தியதும் யாராவது ஒருவர் கேட்பார். "செயலாளர், மெச் எத்தின மணிக்கு?"

என் மகளின் கலியாணத்திலும் கேட்டார்கள். மாப்பிள்ளை வீட்டார் கொழும்பு ஆட்கள். என்ன கதை என்று விசாரித்தார்கள். மச்சானே எழும்பி நின்று, கொழும்பு கிரவுண்டின் புல்லுக்கு ஆசைப்பட்டதைச் சொல்லி, விலாவைப் பிடித்து, குந்தி, பந்து உருண்டு போனதுவரை நடித்துக் காட்டினார். சம்பந்தியார் கண்ணில் நீர் வரச் சிரித்துவிட்டு, "அந்த கிரவுண்ட் எங்கட வீட்டுக்கு பக்கத்துல தான். வாங்க, நானே உள்ளுக்கு கூட்டிப் போறன்" என்றார்.

மச்சான் திரும்ப வந்து உட்கார்ந்தார், முழங்காலை இரண்டு கையாலும் பிடித்து மடக்கிக்கொண்டு. "இனி என்னத்துக்கு" என்று சொன்னார். அவர் சஹனில் கிடந்த நல்ல இறைச்சித் துண்டு ஒன்றைத் தேடி எடுத்து என் பக்கம் தள்ளினார்.

"தின்னு மச்சான்," என்றார். "இண்டைக்கு மெச் இல்லத்தானே."