லைட்செட்டு அண்ணன் கேட்ட இருட்டு

வெளிச்சத்தை வாடகைக்கு விட்டுப் பிழைத்துக்கொண்டே, வெளிச்சத்தைக் கண்டால் பல்லைக் கடிக்கிற மனிதர் பூமியில் ஒருவர்தான் இருக்க முடியும். அவர் அன்னவாசலில் எனக்கு வீட்டுக்காரராக வாய்த்தார். கீழே நான், மாடியில் அவர், மொட்டைமாடியில் அவருடைய டெலஸ்கோப்.

அவர் பெயர் யாருக்கும் நினைவில்லை. சுற்றுவட்டாரத்தில் கல்யாணமோ காதுகுத்தோ திருவிழாவோ, டியூப் லைட்டும் சீரியல் செட்டும் அவருடையதுதான். அதனால் லைட்செட்டு அண்ணன். ஊரையே ஜொலிக்க வைத்துவிட்டு வீடு திரும்புவார். நான் வாசல் பல்பைப் போட்டால் மேலிருந்து குரல் வரும்.

"சார், கொஞ்சம் அணைங்க. கல்லு வந்துருச்சு."

கல் என்றால் செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவே சூரியனைச் சுற்றிக்கொண்டிருக்கும் குறுங்கோள். எத்தனை உற்றுப் பார்த்தாலும் ஒரு புள்ளி. அந்தப் புள்ளி தன்னைத்தானே ஒருமுறை சுற்ற எவ்வளவு நேரமாகிறது என்று கண்டுபிடிப்பதுதான் அண்ணனின் பைத்தியம். எனக்கு விளக்குவதற்காக, அண்ணி அவிக்க வைத்திருந்த சர்க்கரைவள்ளிக் கிழங்கை எடுத்து டியூப் லைட்டின் முன்னால் திருப்பினார்.

"நீளப்பக்கம் தெரிஞ்சா வெளிச்சம் கூடும். முனை தெரிஞ்சா கொறையும். ரெண்டு தடவ கூடிக் கொறைஞ்சா ஒரு சுத்து. அம்புட்டுத்தான் சார்."

"கெழங்கைக் குடுங்க, தண்ணி கொதிக்குது" என்றார் அண்ணி.

அம்புட்டுத்தானாம். கோடிக்கணக்கான மைலுக்கு அப்பால் இருக்கும் கல்லின் உடம்புவாகை வெறும் மினுக்கத்தை வைத்தே சொல்கிற ஆள், திட்டு வாங்கிக்கொண்டு கிழங்கைத் திருப்பிக் கொடுத்தார். 

முதல் கணக்கு கிடைத்ததும் அண்ணனும் அண்ணியும் தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு, கல்கண்டு வைத்துக்கொண்டு, கல்யாணத்துக்கு அழைப்பது போல வீடு வீடாகப் போனார்கள். "ஆறு மணி நேரத்துக்கு ஒரு சுத்துங்க" என்று சொல்லி வெற்றிலை கொடுத்தார்கள். கொஞ்ச நாள் கழித்து அதே தாம்பாளத்தோடு மறுபடி வந்தார்கள்.

"அன்னைக்குச் சொன்னது தப்புங்க. பக்கத்துல இருந்த நட்சத்திரத்தோட ஒப்பிட்டுத்தான் கல்லோட வெளிச்சத்தை அளந்தேன். அந்த நட்சத்திரமே மங்கி மங்கி எரியிற ஆளுங்க. மன்னிச்சுக்கங்க."

"பரவால்ல தம்பி. சுத்துறது நிக்கலைல்ல?" என்று விசாரித்துவிட்டு எதிர்வீட்டு அம்மா வெற்றிலையை வாங்கிக்கொண்டார்.

யாரும் கேட்காத கணக்கில், யாருக்கும் தெரியாத தப்புக்கு, வீடு வீடாகப் போய் மன்னிப்புக் கேட்கிற மனிதரை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

டெலஸ்கோப் வழியே எடுத்த படங்கள் பத்திரமாக இருந்ததால், வேறு நட்சத்திரங்களோடு ஒப்பிட்டுக் கணக்கைத் திரும்பப் போட்டார். கல்லின் வெளிச்சம் ஏறி இறங்கும் கோடு அழகாக வந்தது. நடுவில் மட்டும் ஓர் இடம் காலி. அந்த இடத்துக்குரிய பக்கத்தைக் கல் காட்டப்போவது வெள்ளிக்கிழமை பொழுது சாய்ந்த பிறகு. அதை விட்டால் கல் தூரமாகி மங்கிவிடும். அடுத்து நெருங்கி வரும்போது ஐப்பசி மழை. அந்த வெள்ளிக்கிழமைதான் அம்மன் திருவிழா. எங்கள் தெரு முழுக்க அண்ணனின் சீரியல் செட்.

விழாக் கமிட்டித் தலைவரிடம் போய் நின்றார். துணைக்கு நானும் போனேன்.

"ஏப்பா, ஒன் லைட்டை நீயே அணைக்கச் சொல்றியா? சாமி இருட்டுலயா வரும்?"

"கொஞ்ச நேரம்தாங்க. இந்தக் கல்லை விட்டா எனக்குத் தூக்கம் வராதுங்க."

தலைவர் வெகுநேரம் தாடையைச் சொறிந்தார். "சரி. சாமி மேலத்தெரு பக்கம் போனதும் அணைச்சுக்க. அது இங்கிட்டுத் திரும்புறதுக்குள்ள போட்டுரணும்."

அப்படித்தான் எனக்கு மெயின் சுவிட்ச் பக்கத்தில் நிற்கும் பதவி கிடைத்தது. சாமி முனை திரும்பியதும் அணைத்தேன். தெருவே கப்பென்று இருண்டது. அண்ணாந்து பார்த்த சனங்கள் அப்படியே நின்றுவிட்டார்கள். அத்தனை நட்சத்திரங்கள்.

வழக்கமாகச் சாமி மேலத்தெருவில் விறுவிறுவென்று போய்த் திரும்பிவிடும். அன்றைக்கு அங்கே நாதஸ்வரம் ஓய்வதாயில்லை. தலைவர்தான் நாயனக்காரர் பக்கத்திலேயே நின்று, "இன்னொண்ணு வாசிங்க, இன்னொண்ணு வாசிங்க" என்று கேட்டுக்கொண்டிருந்தாராம். பிறகுதான் தெரிந்தது.

சாமி தெருமுனைக்குத் திரும்பி வந்தபோது அண்ணன் படியிறங்கி ஓடிவந்தார்.

"கெடைச்சிருச்சு சார். முழுச் சுத்து." சொல்லிவிட்டுத் தோளில் கிடந்த துண்டை எடுத்தார்.

"லைட்டைப் போடுங்கப்பா, சாமி நிக்குது" என்றார் தலைவர்.

என் கை சுவிட்சின் மேல்தான் இருந்தது. அண்ணன் துண்டால் கண்ணைத் துடைத்து முடிக்கட்டும் என்று, கொஞ்சம் தாமதமாகவே போட்டேன்.