கழுத்தைப் பார்க்க ஒரு மச்சான்

"வீட்ல உங்களைப் பாத்துக்க யார் இருக்காங்க?" என்று நர்ஸ் கேட்டதும், லிஃப்ட் மெக்கானிக் யோசிக்காமல் "மச்சான்" என்று சொல்லிவிட்டார்.

மச்சான் ஒருவர் இருந்தது உண்மைதான். மனைவி போய்ச் சேர்ந்த பிறகு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு போன்கூட வந்ததில்லை.

வாழ்நாள் முழுக்க அண்ணாந்து பார்த்தே தேய்ந்துபோன கழுத்து அவருடையது. தொண்டைப் பக்கமாகத் திறந்து எலும்பைச் சரிசெய்து மூடியிருந்தார்கள். காயத்திலிருந்து ஒரு மெல்லிய குழாய் இறங்கி, சின்னப் புட்டி ஒன்றில் கசியும் ரத்தத்தைச் சேர்த்தது. அதைத் தூக்கிப் பார்க்க அடிக்கடி யாராவது வந்தார்கள். அவர் முகத்தைப் பார்த்தார்கள் என்று சொல்ல முடியாது. இருந்தாலும் ஆள் வந்தது. இன்று காலை, கசிவு குறைந்துவிட்டது என்று குழாயை உருவினார்கள். அதன்பிறகு அந்தப் படுக்கைப் பக்கம் ஒரு தலைகூடத் தெரியவில்லை.

இப்போது நர்ஸ் புதுக் குண்டைப் போட்டாள். குழாய் எடுத்த பிறகும் உள்ளே ரத்தம் கசியலாமாம். வெளியே வர வழியில்லாமல் கட்டி, மூச்சுக்குழாயை அமுக்கிவிடலாமாம். கூட ஒருத்தர் இருந்து கழுத்தைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

"மச்சானை வரச் சொல்லுங்க. அவருக்குச் சொல்லிக்கொடுத்த பிறகுதான் உங்களை அனுப்புவோம்."

மெக்கானிக் நடைவழிக்கு வந்தார். ஜன்னலோர பெஞ்சில், கட்டம் போட்ட சட்டைக்காரர் ஒருவர் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார். மானத்தை விழுங்கிக்கொண்டு விஷயத்தைச் சொன்னார். சட்டைக்காரர் கழுத்தை மட்டும் திருப்பாமல் உடம்போடு சேர்ந்து திரும்பி நிதானமாகப் பார்த்தார்.

"யார் தங்கச்சியை யார் கட்டினது? அதை முதல்ல முடிவு பண்ணிக்குவோம்."

முடிவு பண்ணிக்கொண்டார்கள். அதோடு நின்றிருந்தால் பிழைத்திருக்கலாம். ஆனால் கட்டம் போட்ட சட்டைக்காரர் மச்சான் வேலையை மனப்பூர்வமாக எடுத்துக்கொண்டார். நர்ஸ் ஒன்று சொல்வதற்குள் ஒன்பது கேட்டார். குரல் எப்படி மாறும், எச்சில் விழுங்க முடியாதா, படுத்தால் மூச்சு முட்டுமா என்று துருவினார். நடுவில், உடம்பைக் கவனிக்காததற்காக மெக்கானிக்கை நாலு வார்த்தை திட்டவும் செய்தார்.

நர்ஸுக்குச் சந்தேகம் வந்ததோ என்னவோ, மச்சானின் தங்கச்சி ஏன் வரவில்லை என்று கேட்டாள்.

"இறந்துட்டா" என்றார் மெக்கானிக்.

"ஊருக்குப் போயிருக்கா" என்றார் மச்சான், அதே நொடியில்.

நர்ஸ் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். மச்சான் பார்வையைத் தாழ்த்திக்கொண்டார்.

"போன இடத்துலதாம்மா" என்று கண்ணைத் துடைத்தார்.

நர்ஸ் அவர் தோளைத் தட்டி ஆறுதல் சொல்லிவிட்டுப் போனாள். மெக்கானிக்குக் கொஞ்சம் வலித்தது. மனைவி இறந்ததற்கு யாரும் அவர் தோளைத் தட்டியதில்லை. இல்லாத தங்கச்சிக்காக இந்த ஆளுக்குக் கிடைத்துவிட்டது.

மச்சான் அப்போதும் நகரவில்லை. குனிந்து கழுத்தையே உற்றுப் பார்த்தார்.

"இந்தப் பக்கம் வீங்குது."

"போதும்யா, நர்ஸ் போயிட்டா" என்றார் மெக்கானிக். சொன்ன குரல் அவருக்கே அந்நியமாக, வாயில் எதையோ அடக்கிக்கொண்டு பேசுவது போல இருந்தது. நடிப்பை நிறுத்தச் சொல்ல மறுபடி வாயைத் திறந்தார். காற்று உள்ளே போக மறுத்தது.

மச்சான் போட்ட சத்தத்தில் வார்டே எழுந்தது. டாக்டர் ஓடி வந்து படுக்கையிலேயே தையலைப் பிரித்தார். உறைந்திருந்த ரத்தம் வெளியே வந்ததும் மூச்சு திரும்பியது. மெக்கானிக்கைத் தள்ளிக்கொண்டு ஆபரேஷன் தியேட்டருக்கு ஓடினார்கள். கதவு மூடும்வரை ஒரு கை அவர் காலைப் பிடித்துக்கொண்டே வந்தது.

மறுநாள் கண் விழித்தபோது கழுத்தில் மறுபடி குழாய், பக்கத்தில் புட்டி. நாற்காலி காலியாக இருந்தது. வேறென்ன எதிர்பார்க்க முடியும் என்று சுவர்ப் பக்கம் பார்த்துக் கிடந்தார். போகிறவர் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போயிருக்கலாம்.

தரை துடைக்கும் அம்மா உள்ளே வந்தாள். எல்லா வார்டுச் சேதியும் அவள் கைக்குள். கேட்கக் கூடாது என்று நினைத்தபடியே கேட்டார்.

"என் மச்சான் போயிட்டாராம்மா?"

"எங்க போறது? கீழ் வார்டுல படுத்திருக்கார். அவருக்கும் கழுத்துலதானே ஆபரேஷன், பின்பக்கமா, கூட்டிட்டுப் போக ஆள் இல்லன்னு அனுப்பாம வச்சிருந்தாங்க. இன்னிக்குதான் டாக்டர்கிட்ட நெஞ்சை நிமித்திச் சொன்னார், வீட்ல பாத்துக்க மச்சான் இருக்கார், லிஃப்ட் மெக்கானிக்னு."