பளிங்குத்தீவுத் துணைநூலும் பதினேழு வாசகர்களும்

உலகத்தில் உண்மையான வாசகர்கள் மூன்றே இடங்களில் இருக்கிறார்கள். அவற்றுள் முதலாவது எங்கள் வெள்ளவத்தை. இது என் சொந்தக் கண்டுபிடிப்பு அல்ல. எங்கள் "வாசிப்பு உயர்வுச் சங்கம்" ஏகமனதாக நிறைவேற்றிய தீர்மானம். முன்மொழிந்தவர் தலைவர் நமசிவாயம். வழிமொழிந்தவன் உபசெயலாளராகிய நான். மற்ற இரண்டு இடங்களும் அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைக்கப்பட்டன.

ஓய்வுபெற்ற விரிவுரையாளர் கனகசபாபதி "பளிங்குத்தீவு" மாயக்கதைக்குத் துணைநூல் எழுதினார். பறக்கும் அன்னம், பேசும் கோட்டை, மூன்று சூனியக்காரிகள் என்று ஆறு பாகம் ஓடிய பழைய கதை அது. துணைநூலோ நானூற்றுப் பன்னிரண்டு பக்கம், அறுநூறு அடிக்குறிப்பு, ஒன்பது வரைபடம். வெளியீட்டு விழாவில் முதற்பிரதி பெற்றுக்கொண்டவன் நான். மேசையில் "வாசகர் கருத்துகள்" என்று அட்டையில் எழுதிய ஒரு கொப்பி வைத்திருந்தார்கள். நூல் கைக்கு வந்து பத்தே நிமிடத்தில் பதினேழு பேர் கருத்தெழுதி முடித்தோம். எங்கள் வாசிப்பின் வேகம் அப்படி.

முதலில் நமசிவாயம் எழுதினார்: "இந்நூலைக் கையிலெடுத்தவர் தீவைக் கைப்பற்றியே தீருவார்." நான் எழுதினேன்: "வரைபடங்கள் மிகத் துல்லியம். எங்கள் இளைஞர் ஒவ்வொருவரின் பையிலும் இருக்கவேண்டும்."

கொட்டாஞ்சேனை ஆசிரியை ஹமீமா மட்டும் அன்று ஒன்றும் எழுதாமல் நூலை வாங்கிக்கொண்டு போனார். மூன்று கிழமை கழித்துக் கனகசபாபதி வீட்டுக்கே வந்து கொப்பியில் எழுதினார்: "எண்பத்துநான்காம் பக்க வரைபடத்தில் ஆறு மலையேறுகிறது. இதை நம்பிப் புறப்படுகிறவர் எங்கேயும் போய்ச் சேரமாட்டார்." சங்கம் அவசரமாகக் கூடியது. வாசித்துவிட்டுக் கருத்துச் சொல்லும் "ஆரோக்கியமற்ற போக்கை" வன்மையாகக் கண்டித்தது.

அது யுத்த காலம். அடுத்த மாதம் கனகசபாபதி யாழ்ப்பாணத்துக்குப் பறக்கப் புறப்பட்டார். இரத்மலானை விமான நிலையத்துக்குப் போகிற வழியில் ஒரு சோதனைச் சாவடியில் அவருடைய பையைத் திறந்தார்கள். உள்ளே ஒரு தீவின் ஒன்பது வரைபடங்கள். கோட்டைகள், துறைமுகங்கள், சுரங்கப்பாதைகள். கூடவே, பெருமையாக அவர் எங்கும் கொண்டுதிரிந்த கருத்துக் கொப்பி. யாரோ முதல் இரண்டு கருத்துகளைச் சிங்களத்தில் மொழிபெயர்த்துக் கொடுத்தார்கள். மனிதர் உள்ளே போனார்.

பொலிஸ் அதிகாரி கனகசபாபதியின் மனைவி பத்மாவதியிடம் சொன்னது இதுதான்: நூலை வாசித்த ஒருவர் வந்து, இது இல்லாத நாடு என்று விளக்கவேண்டும். இல்லாவிட்டால் வெள்ளிக்கிழமை தடுப்பு முகாம்.

பத்மாவதி நேரே நமசிவாயம் வீட்டுக்கு வந்தார். நானும் அங்கே தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தேன்.

"அண்ணை, ஒருக்கா வந்து, அந்தத் தீவு கதையிலைதான் இருக்கெண்டு சொன்னால் காணும்."

"தங்கச்சி, அதைச் சொல்ல நான் புத்தகத்தை வாசிச்சிருக்கவேணுமெல்லே?"

"அப்ப கொப்பியிலை எழுதினது?"

"அது கருத்து," என்றார் தலைவர்.

ஆனாலும் சங்கம் கைகட்டி நிற்கவில்லை. பதினேழு பேரும் ஆளுக்கொரு கடிதம் எழுதினோம். பட்டம், பதவி, முத்திரை, கையெழுத்து எல்லாம் ஒழுங்காக இட்டு, பொலிஸ் கேட்டால் காட்டும்படி பத்மாவதியிடமே ஒப்படைத்தோம். எல்லாக் கடிதங்களின் சாரமும் ஒன்றே: இந்நூலை நாம் வாசித்ததில்லை.

பத்மாவதி அந்தக் கட்டோடு பஸ் ஏறிக் கொட்டாஞ்சேனைக்குப் போனாராம்.

"நான் குறைதானே எழுதினேன், அக்கா," என்றாராம் ஹமீமா. "பரவாயில்ல. வாங்க, அதையே போய்ச் சொல்லுவம்."

பொலிஸ் நிலையத்தில் நடந்ததும் பிறகு கேள்விப்பட்டதுதான். ஹமீமா வரைபடத்தை விரித்துச் சிங்களத்தில் விளக்கினார். கோட்டையிலிருந்து துறைமுகத்துக்கு எப்படிப் போவது என்று அதிகாரி கேட்டார்.

"அன்னத்தில். மூன்று நாள்."

"அன்னம் இப்போது எங்கே?"

"ஐந்தாம் பாகத்தில் செத்துவிட்டது."

மலையேறும் ஆற்றையும் காட்டினார். அதிகாரி அந்த ஆற்றின் வழியே விரலை ஓட்டிப் பார்த்தார். பிறகு, இந்த வரைபடத்தை வைத்துக்கொண்டு ஒருவரும் பக்கத்துத் தெஹிவளைக்குக்கூடப் போகமுடியாது என்று அறிக்கை எழுதினார். வியாழக்கிழமை பின்னேரம் கனகசபாபதி வீடு வந்து சேர்ந்தார்.

சங்கம் அவருக்கு மாலை போட்டது. "எங்கள் இடைவிடாத முயற்சியின் வெற்றி" என்று தலைவர் தழுதழுத்தார். கனகசபாபதி சிரித்தபடி மாலையைக் கழற்றி மேசையில் வைத்தார்.

போன மாதம் இரண்டாம் பதிப்பு வந்திருக்கிறது. ஆறு இப்போது கீழ்நோக்கி ஓடுகிறது; முன்னுரையில் ஹமீமாவுக்கு நன்றி. கடைசியில் "வாசகர் கருத்துகள்" என்ற தலைப்பில் எங்கள் பதினேழு கடிதங்களும் முத்திரையோடு அப்படியே அச்சாகியிருக்கின்றன. என்னுடையது இரண்டாவது:

"இப்படியொரு நூல் வெளிவந்ததே எனக்குத் தெரியாது. அதன் ஆசிரியர் உள்ளே இருப்பது பற்றி எனக்குக் கருத்து எதுவும் இல்லை."

அந்தப் பக்கத்தை மட்டும் ஒரு வரி விடாமல் வாசித்தேன். பிழை ஒன்றும் இல்லை.