சிவப்புப் புள்ளி வைத்த கண்ட்ரோலர்

தோற்றவன்தான் கருவியைக் குறை சொல்வான் என்றொரு நம்பிக்கை உலகெங்கும் பரவியிருக்கிறது. இது பெரும் பிழை. கருவியில் குறை இருப்பதால்தான் அவன் தோற்கிறான். இதை என் மனைவிக்கு விரிவாக விளக்கினேன். அப்போது நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன்.

எங்கள் வீட்டுச் சட்டம் எளிது. சனிக்கிழமை கார் ரேஸ் விளையாட்டில் தோற்பவர் அந்த வாரம் முழுக்கப் பாத்திரம் கழுவ வேண்டும். பாத்திர சோப்பு என்ன நிறம் என்பதே அவளுக்கு மறந்துவிட்டது.

"கடையில விக்கற கண்ட்ரோலர் என் கைக்குச் சேரல. நானே ஒண்ணு செய்யப் போறேன்."

"செய்ங்க. எனக்கும் ஒண்ணு. ரெண்டும் ஒரே மாதிரி இருக்கணும். இல்லாட்டி ஆட்டம் செல்லாது."

பொத்தானை அழுத்தியதும் ஓடிப்போய்க் கணினியிடம் கோள் சொல்லும் சில்லுக்கு மைக்ரோகண்ட்ரோலர் என்று பெயர். அதில் இரண்டு ரகம். ஒன்று, கேபிளைச் செருகியதும் 'நான்தான் கண்ட்ரோலர்' என்று தானே கணினியிடம் சொல்லும். மற்றது மலிவு; ஆனால் அதற்காகப் பேச நடுவில் ஒரு தரகர் சில்லு வேண்டும். இந்த நுட்பத்தை அவளுக்கு எடுத்துரைத்தேன்.

"வாய் இருக்கறதையே வாங்குங்க. உங்க பக்கத்துல ஒண்ணாவது திறந்து பேசட்டும்."

கம்பிகளை ஈயத்தால் பற்றவைக்க, சூட்டைக் கூட்டிக் குறைக்கும் சால்டரிங் அயர்ன் வாங்கினேன். முதலில் வாங்கிய மலிவு அயர்னில் ஒரு சர்க்யூட் பலகை கருகிவிட்டது. மல்டிமீட்டரும் வாங்கினேன். இணைப்பு சரியாக இருந்தால் 'பீப்' என்று பாராட்டும். இந்த வீட்டில் என்னைப் பாராட்டிய முதல் குரல் அது.

கறுப்புப் பெட்டிகள் இரண்டும் தயாராயின. பார்வைக்கு இரட்டைப் பிள்ளைகள். ஆனால் சில்லுக்குள் போகும் நிரலை எழுதுவது நான் அல்லவா? ஒன்றில் மட்டும், கோளைக் கண்ணிமைக்கும் நேரம் தாமதித்துச் சொல்லும்படி எழுதினேன். வளைவில் கார் சுவரைக் கட்டிப்பிடிக்க அது போதும். எனக்கான நல்ல பெட்டியின் அடியில், அடையாளத்துக்கு ஒரு சிவப்புப் புள்ளி வைத்தேன். அவளுடைய நெயில் பாலிஷ்தான். கைக்கு எட்டியது அதுதான்.

சனிக்கிழமை வந்தது.

"இந்தத் தடவை பந்தயம் ஒரு வருஷத்துக்கு," என்றேன்.

"வருஷத்துக்கா? யோசிச்சுக்கோங்க."

"யோசிச்சாச்சு."

"சரி. நீங்க செஞ்சது, நீங்களே முதல்ல எடுங்க."

ஸ்க்ரூ சரிபார்ப்பவன்போலக் கவிழ்த்துப் பார்த்து, புள்ளி வைத்ததை எடுத்துக்கொண்டேன். முதல் வளைவிலேயே என் கார் சுவரைக் கட்டிப்பிடித்தது. அடுத்தடுத்த வளைவுகளிலும் அதே பாசம்.

"என்னங்க ஆச்சு?"

"இது... கொஞ்சம் மெதுவா இருக்கு."

"அதெப்படி? ரெண்டும் ஒரே மாதிரிதானே செஞ்சீங்க?"

இதற்கு என்னிடம் துல்லியமான பதில் இருந்தது. சொல்லத்தான் முடியவில்லை.

அவள் தன் நகங்களைப் பார்த்துக்கொண்டாள்.

"காலையில தூசி தட்டினேன். ஒரு பெட்டிக்கு அடியில என் நெயில் பாலிஷ் ஒட்டியிருந்துச்சு. துடைச்சுட்டேன். அப்புறம்தான், ஏதாவது அடையாளமா இருக்குமோன்னு தோணுச்சு. எதுல இருந்துச்சுன்னு மறந்துபோச்சு. குத்துமதிப்பா ஒண்ணுல வெச்சுட்டேன்."

வாணலி அடிப்பிடித்திருந்தது. முதலில் அதை ஊறவைத்தேன்.