பதினொன்றுக்குப் பதினொன்று

மதிப்பிற்குரிய மாமா அவர்களுக்கு,

இந்தக் கடிதத்தில் நடந்ததை நடந்தபடியே எழுதப்போகிறேன். கூட்டுவதும் இல்லை, குறைப்பதும் இல்லை. நாங்கள் மூவரும் நலம், அம்மாவின் இடது தோள்பட்டை நீங்கலாக. தாங்களும் அத்தையும் நலமாக இருப்பீர்கள் என்று நம்பி, நலம் விசாரிக்கும் பகுதியை இத்துடன் முடிக்கிறேன்.

போன வாரம் தாங்கள் தொலைபேசியில், "உங்கப்பாகிட்ட பேசினா ரெண்டு பக்கமும் அவரே பேசறார். எனக்கு ஆமாவா இல்லையா, அது போதும். பத்தாம் தேதிக்குள்ள ஒரு வரி எழுதி அனுப்பச் சொல்லு" என்றீர்கள். அந்த ஒரு வரியை எழுதும் பொறுப்பு என்னிடம் கொடுக்கப்பட்டிருக்கிறது. ஒரு வரியாகத்தான் எழுத நினைத்தேன். ஆனால் வழிமுறை இல்லாமல் விடையை மட்டும் எழுதினால் பாதி மதிப்பெண்தான் என்று எங்கள் கணக்கு டீச்சர் சொல்வார். ஆகவே வழிமுறையோடு எழுதுகிறேன்.

அப்பா பத்தொன்பது வருடம் பிளாஸ்டிக் வாளிக் கம்பெனியில் தலைமைக் கணக்கராக இருந்தது தங்களுக்குத் தெரியும். அந்தக் கம்பெனியை அதைவிடப் பெரிய வாளிக் கம்பெனி ஒன்று வாங்கிவிட்டது. பெரிய கம்பெனியில் ஏற்கனவே ஒரு கணக்குப் பிரிவு இருக்கிறதாம், ஒரே வாளிக்கு இரண்டு இடத்தில் கணக்கு எதற்கு என்று கேட்டார்களாம், கேட்டுவிட்டு ஒரு வெள்ளிக்கிழமை பிற்பகல் அப்பாவின் பிரிவில் இருந்த நாலு பேரையும் உள்ளே கூப்பிட்டு, ஆளுக்கு ஒரு கவரும் ஒரு வாளியும் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். வாளி சிவப்பு, மூடியுடன். அப்பா அதைக் குளியலறையில் வைத்து, "நல்ல வாளிதான்" என்றார். அன்று அவர் பேசியது அவ்வளவுதான். மறுநாள் ஒரு சின்ன வேனில் அவருடைய சுழல் நாற்காலி வந்து இறங்கியது. அதற்கு ஒரு சக்கரம் அவர் கைக்காசில் மாற்றியது என்பதால் கேட்டு வாங்கிக்கொண்டாராம். எங்கள் முன் அறைத் தரை கொஞ்சம் சாய்வு. ஒன்பது மணிக்கு மேஜை முன்னால் உட்காரும் அப்பா, பதினோரு மணிக்கெல்லாம் செருப்பு அலமாரிப் பக்கம் போய்ச் சேர்ந்துவிடுகிறார்.

ஆமாம், ஒன்பது மணிக்கு உட்காருகிறார். ஆறு வாரமாகத் தினமும் சட்டையை உள்ளே விட்டு, பெல்ட் போட்டு, முன் அறைக்கு வேலைக்கு வருகிறார். சொந்தமாக ஒரு கணக்கு ஆபீஸ் தொடங்கலாமா, அல்லது தங்கள் ஊருக்கே வந்து தங்கள் டைல்ஸ் கடையில் கணக்கு மேலாளராகச் சேரலாமா என்று முடிவு செய்வதுதான் வேலை. அம்மா ஆய்வக வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் பழக்கம் விடாமல் அவருக்கும் டப்பாவில் சாப்பாடு கட்டி வைத்துவிடுகிறார். அவரும் சமையலறை எட்டடி தூரத்தில் இருக்க, சரியாக ஒரு மணிக்கு டப்பாவைத் திறந்து மேஜையிலேயே சாப்பிட்டுவிட்டு, மூடியைத் துடைத்து மூடுகிறார். மாலை ஐந்தரைக்குப் பேனாக்களை அடுக்கிவிட்டு எழுந்துவிடுவார், ஆனால் முன் அறை விளக்கை மட்டும் அணைக்க விடமாட்டார். "யாராவது வந்தா?" என்பார். வாசலில் பலகை கிடையாது, ஆபீஸ் உண்டா இல்லையா என்பதே முடிவாகவில்லை, யாருப்பா வருவாங்க என்று கேட்டால், "அதான் சொல்றேன், வந்தா?" என்பார். ஒன்பது மணிக்கு மேல் அம்மாதான், "வராதவங்களுக்கு எதுக்கு இவ்வளவு வெளிச்சம்" என்று அணைப்பார்.

ஆனால் இரண்டு பேர் உண்மையாகவே வந்தார்கள். முதலில் தெருமுனைத் தையல்காரம்மா. அம்மா தைத்த துணியை வாங்கப் போனபோது அப்பாவைப் பற்றிச் சொல்லிவைத்ததைக் கேட்டு, மூன்று வருட ரசீதுகளை ஒரு தலையணை உறையில் போட்டுத் தூக்கி வந்தார். அப்பாவின் முகத்தைத் தாங்கள் அப்போது பார்த்திருக்க வேண்டும். உறையை மேஜையில் கவிழ்த்தவர் நாலு மணி நேரம் தலை நிமிரவில்லை. நாற்காலி நகர நகர மேஜையையும் கூடவே இழுத்துக்கொண்டு போனார். கடைசியில் செருப்பு அலமாரி பக்கத்தில் கண்ணாடியைக் கழற்றி, "உங்களுக்குக் கணக்குப் பார்க்க ஆளே வேண்டாம்மா. ரெண்டு டப்பா வாங்குங்க. கடைச் செலவு ஒண்ணுல, வீட்டுச் செலவு ஒண்ணுல. மாசக் கடைசில கூட்டிக்குங்க" என்றார். "அவ்வளவுதானா? மூணு வருஷமா இதனால தூக்கமே போச்சு சார்!" என்று தையல்காரம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். கட்டணம் எவ்வளவு என்றதற்கு அப்பா, "வேலையே இல்லையே, எதுக்கு வாங்கறது?" என்றுவிட்டார். தையல்காரம்மாவும் சும்மா போகவில்லை, ஜன்னலை அளந்துகொண்டு போய் ஒரு திரை தைத்து அனுப்பினார். நல்ல கனமான துணி. இப்போது முன் அறையில் பகலிலேயே விளக்குப் போட வேண்டியிருக்கிறது.

இரண்டாவதாக டிரைவிங் ஸ்கூல்காரர் வந்தார். அவர் இத்தனை நாள் பணம் கொடுத்துச் செய்துவந்த கணக்கு வேலையில் பாதி தேவையே இல்லை என்று அப்பா கண்டுபிடித்தார், மீதிப் பாதியை அவரே செய்துகொள்ளும்படி ஒரு தாளில் அழகாகக் கட்டம் போட்டு எழுதியும் கொடுத்தார். டிரைவிங் ஸ்கூல்காரர் அப்பாவின் இரண்டு கையையும் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போனார். வேலையிலிருந்து வந்த அம்மா இதைக் கேட்டுக் கைப்பையைக்கூட இறக்காமல் நின்றார்.

"வர்றவங்களை இனிமே வராதீங்கன்னு சொல்லி அனுப்பறதுக்கு ஒரு ஆபீஸ். அதுக்கு ஒரு நாற்காலி. அதுக்கு ஒரு திரை வேற."

"உண்மையைத்தானே சொன்னேன்?"

"சொல்லுங்க, யாரு வேண்டாங்கறா? கொஞ்சம் கொஞ்சமா சொல்லுங்க. மாசத்துக்கு ஒரு உண்மையா சொல்லுங்க."

முடிவெடுக்கும் கூட்டம் இன்று, ஞாயிற்றுக்கிழமை, காலை பத்து மணிக்குச் சாப்பாட்டு மேஜையில் நடந்தது. தலைவர் அப்பா. உறுப்பினர் அம்மா. குறிப்பெடுப்பவர் நான். எனக்கு வாக்கு இல்லை, கருத்து உண்டு, அதுவும் கேட்டால்தான். ஆறு வாரமாக எழுதிவந்த ஒரு நீளமான தாளை அப்பா விரித்தார். நடுவில் கோடு. சொந்த ஆபீஸ் 'வேண்டும்' என்பதற்கான காரணங்கள் இடப்பக்கம், 'வேண்டாம்' என்பதற்கானவை வலப்பக்கம். இதில்தான், மாமா, சிக்கல். வாளிக் கம்பெனியில் கணக்கின் இரண்டு பக்கமும் சமமாக வந்தால்தான் அப்பா வீட்டுக்கே கிளம்புவார். அந்த வழக்கத்தில் இந்தத் தாளிலும் ஒரு பக்கம் ஏறிவிட்டால் அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை, மறுபக்கத்துக்கு ஒன்றைத் தேடிப் பிடித்து எழுதிய பிறகுதான் மூச்சு விடுகிறார். அம்மா சொன்னார்: "வாளிக் கம்பெனிக்குப் போனப்ப ஞாயித்துக்கிழமைகூட நீங்க சிரிச்சு நான் பார்த்ததில்லை. அந்தத் தலையணை உறையைக் கவிழ்த்தப்ப சிரிச்சீங்க. கட்டம் போட்டுக் கொடுத்தப்பவும் சிரிச்சீங்களாம், பாப்பா சொன்னா. எழுதுங்க." அது நியாயம் என்று அப்பா ஒப்புக்கொண்டு 'சிரிப்பு, இரண்டு முறை' என்று எழுதினார். பேனாவை மூடுவதற்குள் முகம் வாடிவிட்டது. வலப்பக்கம், 'சிரிப்புக்குச் சம்பளம் இல்லை' என்று எழுதினார். "இப்படியே போனா நாம கிழடாகிற வரைக்கும் சமமாவே இருக்கலாம்" என்றார் அம்மா.

உள்ளபடி எழுதுவதாகச் சொன்னதால் அடுத்ததையும் எழுதியாக வேண்டும். தங்கள் கடையைப் பற்றிப் பேச்சு வந்தபோது அம்மா, "எங்க அண்ணன் தங்கமானவர்தான். ஆனா ஒரு உதவி பண்ணா அதை ஒம்பது பேர்கிட்ட சொன்னாத்தான் அவருக்குச் சோறு இறங்கும்" என்றார். உடனே என் பக்கம் திரும்பி, "ஏய் வக்கீல், இதை எழுதாதே" என்றார். அதையும் எழுதிக்கொண்டேன். அப்பா தங்கள் கட்சிதான் பேசினார். "சும்மா சொல்லக் கூடாது. நான் கேட்காமலே கூப்பிட்டது அவர் ஒருத்தர்தான்" என்றார்.

வலப்பக்கத்தை மட்டும் தங்களுக்கு முழுவதும் எழுதச் சொன்னார் அப்பா, தங்களிடம் எதனால் வருகிறோம் என்பது தங்களுக்குத் தெரிய வேண்டுமாம். ஒன்று, வயது நாற்பத்தாறு. இரண்டு, ஆபீஸ் திறந்தும் ஆட்கள் வராமல் போகலாம். மூன்று, பாப்பாவின் படிப்பு (பாப்பா என்பது நான்தான், எனக்குப் பதிமூன்று முடிந்துவிட்டது). நான்கு, கட்டணம் கேட்க வாய் வருவதில்லை. ஐந்து, கம்ப்யூட்டர் பழையது. ஆறு, நாற்காலி நிற்பதில்லை. ஏழு, அம்மாவின் தோள்பட்டை கூடுதல் வேலை தாங்காது. எட்டு, வந்த இருவரும் திரும்ப வரத் தேவையில்லை. ஒன்பது, கதவைத் திறந்து வைத்து, விளக்கைப் போட்டுக்கொண்டு, நாள் முழுவதும் உட்கார்ந்திருந்தும் ஒருவர்கூடப் படி ஏறவில்லை என்றால்? பத்து, சிரிப்புக்குச் சம்பளம் இல்லை. பதினொன்று, மாமா கூப்பிட்டிருக்கிறார். ஆக மொத்தம் பதினொன்று. இடப்பக்கமும் பதினொன்று.

"சமமா நிக்குதே. இப்ப என்ன பண்றது?" என்றார் அம்மா.

"எங்க தொழில்ல இதுக்கு ஒரு முறை இருக்கு. சந்தேகம்னு வந்துட்டா, வரப்போற லாபத்தை எழுதக் கூடாது. வரக்கூடிய நஷ்டத்தை முதல்ல எழுதிடணும்."

"அப்படின்னா?"

"அப்படின்னா டைல்ஸ் கடை."

அம்மா ஏற்கனவே துடைத்திருந்த மேஜையை மறுபடியும் துடைத்தார். "அப்ப ஆய்வகத்துல நாளைக்குச் சொல்லிடறேன். பதினாலு வருஷம் ஆச்சு, ஒரு மாசம் முன்னாடியாவது சொல்லணும்" என்றார். என்னிடம் யாரும் கருத்துக் கேட்கவில்லை. அப்பா முன் அறைக்குப் போய், நாற்காலியைப் பழைய சாமான்காரரிடம் போட்டுவிடலாம் என்று சொல்லி அதைச் சுவரோரம் தள்ளி வைத்தார். அது மெதுவாக உருண்டு செருப்பு அலமாரிக்கே வந்து நின்றது. நாங்கள் மூவரும் அதைப் பார்க்காதது போல இருந்தோம்.

ஆகவே தாங்கள் கேட்ட ஒரு வரி: ஆமாம், வருகிறோம்.

என் புத்தகங்கள் நான்கு அட்டைப்பெட்டி இருக்கும், தயவுசெய்து ஈரம் படாத இடமாக ஒதுக்கவும். தங்களுக்கும் அத்தைக்கும் எங்கள் வணக்கம். தங்கள் கடையின் டைல்ஸ் ஒன்றுகூட உடையாமல் விற்கட்டும் என்று மனமார வாழ்த்துகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் தங்கை மகள்,
குறிப்பெடுப்பவர்.

பின்குறிப்பு: மாமா, மேலே உள்ளதைப் படித்து அத்தையிடம் இன்னும் சொல்லாமல் இருந்தால், சொல்ல வேண்டாம். எந்தத் தாளும் சரிபார்க்காமல் வீட்டை விட்டுப் போகக் கூடாது என்று அப்பா இந்தக் கடிதத்தை வாங்கிக்கொண்டார். செருப்பு அலமாரி பக்கத்திலேயே நாற்காலியில் உட்கார்ந்து, சிவப்புப் பேனாவால் ஒவ்வொரு காரணத்துக்கும் பக்கத்தில் டிக் போட்டுக்கொண்டு வந்தார். எட்டு வரை போட்டார். ஒன்பதில் பேனா நின்றுவிட்டது. இரண்டுக்குப் போனார். ஒன்பதுக்கு வந்தார்.

"பாப்பா, இது நீ எழுதறப்ப தப்பா எழுதினதா, தாள்லயே இப்படித்தான் இருக்கா?"

"தாள்லயே இப்படித்தான்ப்பா."

தாளைக் கொண்டுவரச் சொன்னார். இரண்டாவது நீல மையில் முதல் நாள் எழுதியது. ஒன்பதாவது பென்சிலில், யாருமே வராத ஒரு நாளில் எழுதியது. அம்மா அவர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். "ஒரே பயத்தை ரெண்டு தடவை ஏத்தி வச்சிருக்கீங்க" என்றார். "பத்தொன்பது வருஷத்துல ஒரு பில்லைக்கூட நான் ரெண்டு தடவை ஏத்தினதில்லை" என்றார் அப்பா. ஸ்கேல் வைத்து ஒன்பதை அடித்தார், ஓரத்தில் கையெழுத்துப் போட்டார். பதினொன்றுக்குப் பத்து. இனி வழக்கம்போல இன்னொன்றைத் தேடி எழுதிவிடுவார் என்று நானும் அம்மாவும் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றோம். பேனாவைத் திறந்தார். மேலே பார்த்தார். திரையைப் பார்த்தார். என்னையும் அம்மாவையும் பார்த்தார். பேனாவை மூடிவிட்டார்.

"வேற ஒண்ணு இருந்திருந்தா அன்னைக்கே எழுதியிருப்பேனே. எழுதினதையே திருப்பி எழுதியிருக்கேன்னா, வேற இல்லைன்னுதானே அர்த்தம்?"

"ஒரு காரணம்தானே வித்தியாசம்" என்றார் அம்மா, வேண்டுமென்றே.

"ஒரு காசு வித்தியாசம்னாலும் வித்தியாசம் வித்தியாசம்தான்" என்றார் அப்பா. பிறகு, "நாளைக்கு ஆய்வகத்துல ஒண்ணும் சொல்ல வேண்டாம்" என்றார். அம்மா தோள்பட்டையைப் பிடித்துக்கொண்டு சமையலறைக்குள் போனார். போனவர் வெகு நேரம் குழாயைத் திறந்து விட்டிருந்தார், ஆனால் பாத்திரச் சத்தம் கேட்கவில்லை.

ஆகவே தாங்கள் கேட்ட ஒரு வரி: இல்லை மாமா, வரவில்லை. முந்தைய வரியைக் கிழித்துவிட்டு வேறு எழுதலாம் என்றேன். எந்தப் பதிவையும் கிழிக்கக் கூடாது, அடித்துக் கையெழுத்துப் போட வேண்டும் என்று அப்பா சொல்லிவிட்டதால் அது கோட்டுக்கு அடியில் அப்படியே இருக்கிறது. வரவில்லை என்றான பிறகும், தாங்கள் கூப்பிட்ட அந்தப் பதினொன்றாவது காரணத்தை அவர் அடிக்கவில்லை. அது எப்போதும் இருக்கட்டும் என்றார்.

உண்மை எழுதுவதாகச் சொன்னேன், இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. இரண்டும் ஒன்பதும் ஒன்று என்பதை நகலெடுக்கும்போதே நான் பார்த்துவிட்டேன். சொல்லவில்லை. பள்ளிக்கூடம் மாற விருப்பமில்லாமல் சொல்கிறேன் என்று நினைத்துக்கொள்வார்கள், விருப்பமில்லைதான். அதனால் ஒன்பதை மட்டும் கொஞ்சம் பெரிய எழுத்தில் எழுதினேன். அது பொய்யில் சேராது என்று நினைக்கிறேன்.

இப்போது மணி ஐந்தரை. "ஆபீஸ் நேரம் முடிஞ்சுது பாப்பா, எழுந்திரு" என்கிறார் அப்பா. "யாராவது வந்தா?" என்று கேட்டேன். "நாளைக்கு ஒன்பது மணிக்கு வரட்டும்" என்றார். முன் அறை விளக்கை அவரே அணைத்தார்.